மடக்குக் கத்தியும் என் மனத்தாங்கல்களும்

கடையில் மடக்குக் கத்தி பார்க்கிறவர்கள் நீளத்தைப் பார்ப்பார்கள், பளபளப்பைப் பார்ப்பார்கள், விலையைக் கேட்பார்கள். கத்தியைத் திருப்பி அதன் முதுகு எவ்வளவு தடிமன் என்று பார்க்கிறவர்கள் ரொம்பக் குறைவு. எனக்கு முதலில் கண் போவதே அங்கேதான். வேலூர் லாங்கு பஜாரில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருக்கும் கத்திகளில் பாதிக்கு மேல், முதுகைப் பார்த்ததுமே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

காரணம் என் தொழில். ராணிப்பேட்டையில் ஷூ செய்கிற கம்பெனி ஒன்றில், சாம்பிள் ரூமில் வேலை. பெரிய ஆர்டர் என்றால் தோல் மேல் இரும்பு அச்சை வைத்து மெஷினில் அழுத்தி வெட்டிவிடுவார்கள். புதிதாக ஒரு மாடல் வரும்போது அதற்கு அச்சு இருக்காது. அட்டையில் வெட்டிய பேட்டர்னைத் தோல் மேல் வைத்து, அதன் ஓரத்தை ஒட்டியே கையால் அறுக்க வேண்டும். அதற்கென்று உள்ள கத்தி ஒரு விரல் அகலம்கூட இருக்காது. தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். முனை லேசாக வளைந்திருக்கும். அறுக்கிற கட்டர்காரர் அதைச் சாய்த்துப் பிடித்து இழுத்தால் தோல் சத்தமில்லாமல் பிரியும். நாலைந்து துண்டு அறுத்ததும், பக்கத்துப் பலகையில் ஒட்டி வைத்திருக்கும் தோல் பட்டையில், முதுகு முன்னால் போகிறபடி கத்தியை இரண்டு இழுப்பு இழுப்பார். பட்டையில் குரோமியம் ஆக்சைடு கலந்த பச்சை மெழுகு தேய்த்திருக்கும். திரும்பவும் அறுப்பார். நாள் முழுக்க இதுதான். கையில் பலம் போட்டு அழுத்துகிறவர் அங்கே ஒருவரும் இல்லை.

அந்தக் கத்தியோடு புழங்குகிறவனுக்கு, நாலு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பாக்கெட் கத்தியைக் கொடுத்தால் மனசு ஒப்பாது. அதில் கூர் இருக்கும், மயிர் மழிக்கிற அளவுக்கே இருக்கும். ஆனால் கூருக்குப் பின்னால் அலகு எவ்வளவு வேகமாகத் தடிக்கிறது என்பதுதான் அறுப்பதைத் தீர்மானிக்கிறது. ஒரு கேரட்டை எடுத்துப் பாருங்கள். தடித்த கத்தி கால்வாசி இறங்கியதும் கேரட் 'டப்' என்று உடைந்துவிடும். அது அறுபட்டதல்ல, ஆப்பு வைத்துப் பிளந்தது. கொய்யாவிலும் ஆப்பிளிலும் இதே கதைதான். இலவம்பாடிப் பக்கத்து முள்ளு கத்திரிக்காய் இருக்கிறதே, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய், அதன் காம்பு முள்ளை மெல்லிய கத்தியால் தோலோடு சீவி எடுத்துவிடலாம். தடித்த கத்தியில் சீவினால் முள்ளோடு பாதிக் காயும் போகும். அலகு முதுகிலிருந்தே தட்டையாகச் சரிந்து கூர் வரை வந்தால் கொஞ்சம் தடிமனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாதி உயரம் வரை மொத்தையாக வந்து, அப்புறம் திடீரென்று சரிகிற அலகுகளைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை.

ஏன் தடிமனாகச் செய்கிறார்கள் என்று கேட்டால் உறுதிக்கு என்பார்கள். எதற்கு உறுதி? நெம்புவதற்கு. பெயின்ட் டப்பா மூடியை நெம்ப, பெட்டியின் ஆணியைக் கிளப்ப. நெம்புவதற்கு நெம்புகோல் வேண்டும், கத்தி வேண்டாம். ஸ்விட்சர்லாந்தின் கார்ல் எல்சனர் இதை 1897-லேயே புரிந்துகொண்டு செய்திருக்கிறார். அவர் கொண்டுவந்த ஆபீசர் கத்தியில் அறுக்க ஓர் அலகு, டப்பா திறக்க ஒன்று, திருப்புளிக்கு ஒன்று என்று வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். அதனால் அறுக்கிற அலகு மெல்லியதாக இருக்க முடிந்தது. பிரான்சின் ஓபினெல் கத்தி இன்னும் எளிமை. 1890-இலிருந்து வருகிற கத்தி அது. ஒரு மரப்பிடி, ஒரு மெல்லிய அலகு, 1955-இல் சேர்த்த ஒரு திருகு வளையம், அவ்வளவுதான். அந்த வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். வலக்கை, இடக்கை என்ற பேதமே அதற்குக் கிடையாது.

இடக்கை என்றதும் என் தங்கை நினைவுக்கு வருகிறாள். அவள் இடக்கைக்காரி. நகம் மாட்டித் திறக்கிற பள்ளத்தை அலகின் ஒரே பக்கத்தில்தான் வெட்டுகிறார்கள், அது எப்போதும் வலக்கைக்காரருக்குத் தோதான பக்கம். பிடிக்குள்ளே ஒரு தகடு வளைந்து வந்து அலகைத் தாங்குகிற பூட்டு இருக்கிறதே, அதை விடுவிக்கிற இடமும் வலது கட்டைவிரலுக்காகவே வைத்தது. அந்தப் பூட்டில் எனக்கு வேறொரு குறையும் உண்டு. மடக்கும்போது கட்டைவிரல் அலகு வந்து விழுகிற பாதையிலேயே நிற்கிறது. விரலை எடுக்கப் பழகிவிடலாம் என்பார்கள். பழகலாம்தான். கத்தியை இரவல் வாங்குகிற பக்கத்து வீட்டுக்காரர் பழகியிருக்க மாட்டாரே. முதுகில் அழுத்தி விடுவிக்கிற பழைய பூட்டு எவ்வளவோ தேவலை.

நகப்பள்ளத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல கத்திகளில் அந்தப் பள்ளம் ஆழமே இல்லாமல் கீறல் போல இருக்கும், ஸ்பிரிங்கோ இறுக்கமாக இருக்கும். வயதானவர்களுக்கு நகம் பிய்ந்துவிடும். என் அம்மா பூ கட்டுகிறவர். வாழைநாரைக் கிழித்து, நுனியை நறுக்க ஒரு சின்னக் கத்தி எப்போதும் வேண்டும். அவர் கையால் திறக்க முடிகிற மடக்குக் கத்தியைத் தேடுவது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. கடைக்காரர்கள் இறுக்கத்தைத் தரம் என்று காட்டுகிறார்கள். 'டக்' என்று சத்தம் கேட்டால் நல்ல கத்தியாம். திறக்க இளைஞனின் கை தேவைப்படுகிற கத்தி, வீட்டில் பாதிப் பேருக்கு உதவாத கத்தி.

சரி, இரும்புக்கு வருவோம். அலகில் வெறுமனே 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று மட்டும் பொறித்திருந்தால் அந்தக் கத்தியை நான் வாங்குவதில்லை. துருப்பிடிக்காத எஃகில் எத்தனையோ வகை. தட்டு, டம்ளர் செய்கிற எஃகுக்குக்கூட அதே பெயர்தான், அதைச் சூடாக்கித் தோய்த்தாலும் கடினப்படாது. 420, 440சி, 12சி27, 14சி28என் என்று எண் போட்டிருந்தால் எவ்வளவு கார்பன், எவ்வளவு குரோமியம், எந்த அளவுக்குக் கடினப்படும் என்று தெரிந்துகொள்ளலாம். எண் போடாதவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொரு கோடியில் இருப்பவர்கள் எஸ்30வி, எம்390 என்று விலையுயர்ந்த எஃகுகளைத் தேடிப் போகிறார்கள். கூர் மாதக்கணக்கில் நிற்கும் என்பது உண்மைதான். அந்த இரண்டிலும் 4 சதவீதம் வனேடியம் இருக்கிறது. அது கார்பனோடு சேர்ந்து உண்டாக்கும் துகள்கள், சாதாரணச் சாணைக்கல்லில் உள்ள அலுமினியம் ஆக்சைடை விடக் கடினமானவை. கல் கத்தியைத் தேய்ப்பதற்குப் பதில் கத்தி கல்லைத் தேய்க்கும். அப்புறம் வைரத்தூள் பதித்த தகடு வாங்க வேண்டும். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் இரண்டு பக்கமும் தேய்க்கிற ஒரு கல் கிடைக்கும். அந்தக் கல்லில் சமையலறை வாசலில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் தீட்டிவிடக்கூடிய கத்திதான் வீட்டுக்கு ஏற்றது. எஃகின் கடினத்தைச் சொல்கிற ராக்வெல் அளவில் 55-லிருந்து 58 வரை போதும். ஸ்விஸ் கத்திகள் 56-ஐ ஒட்டித்தான் இருக்கின்றன, நூறு ஆண்டுக்கு மேலாக உலகமே அவற்றை வைத்து அறுத்துக்கொண்டிருக்கிறது.

சைக்கிளில் சக்கரம் வைத்துக்கொண்டு தெருவில் வருகிற சாணைக்காரரிடம் அரிவாள்மனையைத் தாராளமாகக் கொடுங்கள். அவர் தொழில் அருமையான தொழில். மெல்லிய மடக்குக் கத்தியை மட்டும் கொடுக்க வேண்டாம். தண்ணீர் இல்லாமல் ஓடுகிற கல்லில் பொறி பறக்கும்போது, நூல் அளவே உள்ள கூர்முனை ஒரு நொடியில் சூடேறிவிடும். எஃகின் பதம் இறங்கிவிட்டால் அந்த இடம் எத்தனை தடவை தீட்டினாலும் கூர் நிற்காது.

பாதி பல், பாதி வழவழப்பு என்று வருகிற அலகுகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பலம் கொடுத்துச் சீவுகிற இடம் பிடியை ஒட்டிய பகுதி. அங்கே பல்லை வெட்டி வைக்கிறார்கள். பல் மழுங்கினால் வீட்டுக் கல்லில் தீட்டவும் வழியில்லை. உள்வளைவாக நெளிந்து போகும் அலகுகளுக்கும் இதே தீர்ப்புதான், தட்டைக் கல்லில் அவை படியவே படியாது.

கார்பன் எஃகு எனக்குப் பிடிக்கும். ஆனால் வாங்குகிறவருக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்க வேண்டும் இல்லையா? குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் மாந்தோப்புக்காரர்களுக்கு இது தெரியும், மாங்காயை இரும்புக் கத்தியால் அறுத்தால் கத்தியும் கறுக்கும், துண்டும் கறுக்கும். புளிப்பு இரும்பைக் கரைக்கிறது. காயில் உள்ள துவர்ப்புச் சத்து அந்த இரும்போடு சேர்ந்து கருமையாகிறது. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிடும் எங்கள் ஊர்த் தொழிலில் இதை எல்லாரும் அறிவார்கள். அந்தத் தோல் ஈரமாக இருக்கும்போது இரும்பு பட்டால் நீலக் கறுப்பாகக் கறை விழும், அப்புறம் அது போகாது. கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்த்து ஒரு காலத்தில் எழுதுகிற மையே காய்ச்சினார்கள். ஆக, கத்தி கறுப்பது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. அந்தக் கருமை ஒட்டிக்கொண்டு நின்றால் செந்துரு வருவதைக்கூடக் கொஞ்சம் தடுக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் போதும். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்துக் கீலில் ஒட்டும்.

இதைச் சொல்லும்போதே கத்தியோடு இலவசமாகக் கொடுக்கிற தோல் உறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தோல்தான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் இதைக் கூடுதல் அக்கறையோடு சொல்கிறேன். உறை இடுப்பில் மாட்டிக்கொண்டு போவதற்கு. கத்தியை அதிலேயே வைத்துப் பீரோவுக்குள் போட்டுவிடக் கூடாது. பதனிட்ட தோலில் அமிலத்தன்மை இருக்கும், உப்பும் கொஞ்சம் தங்கியிருக்கும். ஐப்பசி கார்த்திகை மழை ஈரத்தை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மூன்று மாதம் கழித்து உருவிப் பார்த்தால் அலகில் அம்மைத் தழும்பு போலத் துரு குத்தியிருக்கும். உறையை விற்கிறவர்கள் இந்த ஒரு வரியை அட்டையில் அச்சடித்தால் எத்தனை கத்திகள் பிழைக்கும்!

பிடிக்கு ரப்பர் போர்த்துவது எங்கள் ஊருக்கு ஆகவே ஆகாது. மே மாத வேலூர் வெயிலில் வண்டியின் பெட்டிக்குள் ஒரு கத்தி கிடக்கட்டும். இரண்டு மூன்று கோடை தாண்டினால் அந்த மென்மையான பூச்சு இளகி, கையில் ஒட்ட ஆரம்பிக்கும். தூசி அதில் படியும், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாலும் முழுசாகப் போகாது. கத்தி நன்றாக இருக்கும், பிடியைத்தான் தொட முடியாது. அலுமினியப் பிடி ஒட்டாது, ஆனால் வெயிலில் சுடும். மரம் இதமானது, அழகானது, மழையில் ஊறினால் உப்பி அலகை இறுக்கிக்கொள்ளும். துணியையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்கிற மைகார்ட்டா எனக்கு மிகவும் பிடித்தது. வியர்த்த கையில் வழுக்காது, வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. விலைதான் கூடுதல்.

வியர்வை என்றதும் டி2 எஃகு. இதைப் பாதி ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்கிறார்கள். குரோமியம் 12 சதவீதத்தை ஒட்டி இருந்தாலும், அதில் பெரும்பகுதி கார்பனோடு போய் ஒட்டிக்கொள்கிறது. துருவைத் தடுக்க மிச்சம் இருப்பது குறைவு. கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் நடந்தால் உப்பு வியர்வை அதன் வேலையைக் காட்டிவிடும்.

கீலில் வெண்கல வளையத்துக்குப் பதில் குட்டிக் குட்டிக் குண்டுகள் வைத்த பேரிங் போடுவது இப்போது ஒரு மோகம். விரலால் தட்டினால் அலகு பறந்து வந்து நிற்கிறது. பாலாற்று மணல் இரண்டு துகள் உள்ளே போகட்டும், அப்புறம் நறநறவென்று அரைக்கும். கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்றால், ஊரில் யாரிடமும் திருப்புளி இல்லாத சின்ன நட்சத்திரத் தலைத் திருகாணி, அதற்கும் பசை போட்டு இறுக்கியிருப்பார்கள். வெண்கல வளையம் மணலைப் பொறுக்கும். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி ஆட்டினால் வெளியே வந்துவிடும்.

அந்த வேகத்தில் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. காட்பாடியிலிருந்து ரயிலில் போகும்போது கொய்யாப்பழத்தை அறுக்கக் கத்தி எடுக்கிறோம் என்று வையுங்கள். மரப்பிடி போட்ட சின்னக் கத்தியை இரண்டு கையால் மெதுவாகத் திறந்தால் எதிர் சீட்டுப் பாட்டி, "எனக்கும் ஒரு துண்டு குடுப்பா" என்று கை நீட்டுவார். முழுக்கக் கறுப்படித்து, மண்டை ஓடு வரைந்து, ஒரே தட்டில் சத்தத்தோடு திறக்கிற கத்தியை எடுத்தால் அந்தப் பாட்டி குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார். இரண்டும் செய்யப்போவது ஒரே வேலை. பிறரைப் பயமுறுத்துகிற தோற்றத்தை வேண்டுமென்றே கொடுப்பது, கத்தியைக் கருவியாகப் புழங்குகிற எல்லாருக்கும் செய்கிற அநியாயம். கத்தி வைத்திருப்பவன் என்றாலே சந்தேகமாகப் பார்க்கிற பார்வைக்கு இந்த வடிவங்களும் காரணம்.

அதைவிடப் பெரிய ஏமாற்று, 'டமாஸ்கஸ்' என்று சொல்லி விற்கிற வரிகள். சாதாரணத் தகட்டின் மேல் லேசரால் அலை அலையாகக் கோடு போட்டுவிடுகிறார்கள். இரண்டு தடவை தீட்டினால் கூர் ஓரத்தில் கோடு அழிந்துபோகும். இரண்டு வகை எஃகை அடுக்கடுக்காகக் காய்ச்சி ஒட்டி, அமிலத்தில் நனைத்து எடுத்தால் வருகிற வரி உள்ளே வரை ஓடும், தீட்டிவிட்டுத் திரும்ப நனைத்தால் திரும்ப வரும். இது வேறு தேசத்துச் சங்கதி என்றால்கூட விட்டுவிடலாம். மூசை என்கிற மண் குடுவையில் உருக்கிய எஃகு தென்னிந்தியாவிலிருந்துதான் மேற்காசியா போய் டமாஸ்கஸ் கத்தியானது. கொடுமணல் அகழாய்வில் இரும்பு, எஃகுத் தொழிலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே அந்த எஃகை வாங்கிப் பகுத்துப் பார்த்து 1819-இல் கட்டுரை எழுதினார். அந்த எஃகில் வரிகள் உலோகத்தின் உள்ளிருந்தே எழுந்தவை. அப்படிப்பட்ட ஊர்க்காரர்களிடம் ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரி வரி போட்டு விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

பையில் மாட்டுகிற கிளிப் ஜீன்ஸுக்காக யோசித்தது. வேட்டிக்கும் லுங்கிக்கும் அது ஒரு பயனும் இல்லை. சட்டைப் பையில் வைத்தால் கிணற்றடியில் குனியும்போது விழும். எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் முள்வாங்கியை அரைஞாண் கயிற்றில் கோத்து வைத்திருந்தார்கள். ஒரு வளையம், அதில் முள் பிடுங்க ஒன்று, காது குடைய ஒன்று. தொலையாது, துருத்தாது. கத்தியின் வாலில் ஒரு நல்ல ஓட்டை இருந்தால் நாமும் கயிறு கோத்துக்கொள்ளலாம். அந்த ஓட்டையைத்தான் சிக்கனம் என்று விட்டுவிடுகிறார்கள், அல்லது நூல்கூட நுழையாத அளவில் போடுகிறார்கள். பல கருவி சேர்ந்த கத்திகளில் கார்க் திருகியைப் பற்றிப் பலர் குறைபடுவார்கள். நான் குறைபட மாட்டேன். மூட்டை கட்டிய கயிற்றில் இறுகிப்போன முடிச்சை அவிழ்க்க அதைவிட நல்ல சாதனம் கிடையாது. கருவேல முள்ளைப் பிடிக்கத் தெரியாத, நுனி வளைகிற இடுக்கிதான் எனக்குக் குறை.

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் தீராது என்று, குடியாத்தம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் ஒன்று செய்து தரச் சொல்லியிருக்கிறேன். கொடுவாள், களைக்கொத்து, அரிவாள் எல்லாம் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிப்பவர். நான் மர மில்லில் தேய்ந்துபோன ரம்பப் பட்டை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட, கார்பன் எஃகு. கையில் வாங்கி வளைத்துப் பார்த்தார்.

"இன்னா தம்பி, இவ்ளோ மெல்லிசு கீது. தண்ணில தோய்ச்சா முறுக்கிக்கும்."

"தண்ணி வேணாம் பெரியவரே, எண்ணெய்ல தோய்ங்க. எடுத்த கையோட ரெண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவுல வெச்சு அழுத்திடலாம்."

யோசித்தார். எண்ணெய்க்குக் காசு என்னுடையது என்று பேச்சு. அலகு ஏழு சென்டிமீட்டர், முதுகிலிருந்து கூர் வரை ஒரே சரிவு, நகப்பள்ளம் இரண்டு பக்கமும், வாலில் கயிறு நுழைகிற ஓட்டை. பிடிக்கு வேப்பமரம் போதும் என்கிறார் அவர். எனக்குப் புளியமரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டை வேண்டும். அதுகூடப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். முதுகு ஸ்பிரிங்தான் கஷ்டம். அவர் மடக்குக் கத்தி அடித்ததில்லை. அம்மாவின் நகத்துக்கு இளகவும் வேண்டும், அறுக்கும்போது மடங்காமல் நிற்கவும் வேண்டும். அதற்கு ஸ்பிரிங் எவ்வளவு மெலிதாக, எந்தப் பதத்தில் என்று முதலில் ரம்பப் பட்டை மிச்சத்தில் இரண்டு மூன்று துண்டு அடித்துப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.